பாடுங் குழாயும் அடங்குங் குழாயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையின் ஊடாகக் கசிந்து நிலத்தின் கீழே தங்கி நிற்கின்றது. அந்த நீரைக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவருவதே இம்மண்ணின் உழவனுக்குத் தலையாய வேலையாக இருந்து வந்துள்ளது. தலைமுறை தலைமுறையாக அவ்வேலையைச் செய்தது துலா. நீண்ட மரத்தின்மீது ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். கிணற்று வாயில் நிற்பவர் பனையோலைப் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலிற் கவிழ்ப்பார். தோட்டத்தின் நடுவே ஒருவர் நின்று பாத்தி பாத்தியாக நீர் மாறுவார். இந்த இறைப்பில் எழுந்த ஓசையெல்லாம் மரம் முனகும் ஓசையும், நீர் விழும் ஓசையும், மனிதக் குரலுமே.

1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டம் தோறும் வந்து சேர்ந்தன. பலர் கூடிச் செய்த இறைப்பை ஒருவரே செய்து முடித்தார். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழித்தன. இவ்வளவு நன்மையோடும் கூட, கிராமத்தின் விடியற்காலையில் முன்பு கேட்டிராத ஓர் ஒலியும் வந்து சேர்ந்தது. இயந்திரத்தின் புகைக் குழாயிலிருந்து வரும் அந்த ‘பட பட’ ஒலியைக் குடாநாட்டில் வாழ்ந்த எவரும் மறந்திரார்.

அதே விடியற்காலையில் அதே கிராமத்தில் இன்னொரு குழாயும் ஒலித்துக்கொண்டிருந்தது. அளவெட்டி, இணுவில் போன்ற ஊர்கள் நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பெயர் பெற்றவை. கோயிற் பூசை வேளையில் எழும் நாதசுரத்தின் நாதம் வயல் கடந்தும் கேட்கும். ஒரு குழாயின் ஒலிக்கு மக்கள் காது கொடுத்தனர். மற்றக் குழாயின் ஒலிக்குக் காதைப் பொத்தினர். ஆனால், இயற்கையின் கணக்கேட்டில் இவ்விரண்டும் வேறு வேறு பக்கங்களில் எழுதப்படவில்லை. ஒரு குழாயைப் பாடவைக்கும் கணிதம் எதுவோ, அதுவே மற்றக் குழாயை அடங்கவைக்கும் கணிதமும் ஆகும். அந்தக் கணிதம் எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அது நம் தோட்டத்துக் கிணற்றடி வரையும் வந்து சேர்ந்ததா என்பதையும் காண்போம்.

திறந்த வெளியிலே எழும் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவிச் செல்கின்றது. தூரம் இரு மடங்கானால் அதே ஒலிச் சத்தி நான்கு மடங்கு பரப்பிற் பகிரப்பட வேண்டியதாகின்றது. ஆகவே ஒலி விரைவில் மெலிகின்றது. குழாய்க்குள்ளே நிலைமை வேறு. அங்கே ஒலி பரவுவதற்கு இடமில்லை. சுவர் அதனைத் தடுத்து வழிநடத்துகின்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு விஞ்ஞானி பயோ என்பார் பாரிஸ் நகரின் நீர்க் குழாய்களில் இதனைப் பரிசோதித்துப் பார்த்தார். 951 மீற்றர் நீளமான குழாயின் ஒரு முனையிற் பேசிய மெல்லிய பேச்சு மறுமுனையிலே தெளிவாகக் கேட்டது. ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம் முணுமுணுப்பைச் சுமந்து செல்லவல்லது ஒரு குழாய். ஒலியை இவ்வாறு கொண்டு செல்லும் குழாயை அலைவழிப்படுத்தி என்பர். இயந்திரத்தின் புகைக் குழாயும் ஓர் அலைவழிப்படுத்தியே. குழாயை நீட்டிவிட்டால் ஒலி குறைந்துவிடும் என்று எண்ணுவது தவறு என்பதைப் பயோவின் பரிசோதனை அன்றே காட்டிவிட்டது.

குழாய்க்குள் நிகழ்வதை எண்ணால் அளக்கும் முயற்சி 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிற்று. 1747இல் பிரான்சைச் சேர்ந்த டலம்பேர் அதிரும் தந்திக்குரிய அலைச் சமன்பாட்டை எழுதினார். டானியல் பேணூலியும் ஒயிலரும் அதே வகையான சிந்தனையைக் குழாயினுள் நிற்கும் காற்றுக்கும் பொருத்தினர். குழாயிற் செல்லும் அலை திறந்த முனையை அடைந்ததும் முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. அதன் பெரும்பகுதி திரும்பி உள்ளே வருகின்றது. போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றோடொன்று கூடுகின்றன. சில மீடிறன்களில் இரண்டும் ஒத்துழைத்து வலுப் பெறுகின்றன; அதுவே பரிவு. நாதசுரத்தின் சீவாளி காற்றை விட்டுவிட்டுச் செலுத்த, உலவினுள் இவ்வாறு அலைகள் திரும்பித் திரும்பி வந்து, சீவாளியின் அதிர்வையே தமக்கேற்ப ஆட்டுவிக்கின்றன. வித்துவான் விரலால் துளையைத் திறக்கும்போது குழாயின் பயன்படும் நீளம் மாறுகின்றது, சுரம் மாறுகின்றது. கீழே விரிந்திருக்கும் அணசு, உள்ளே நிற்கும் ஒலியிற் சிறு பங்கைத் திறமையாக வெளியே அனுப்பி வைக்கின்றது.

திறந்த முனையில் அலை சரியாக எவ்விடத்திலிருந்து திரும்புகின்றது என்னும் கேள்வி விஞ்ஞானிகளை நீண்டகாலம் அலைக்கழித்தது. 1860இல் ஜேர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் திறந்த முனைக் குழாய்களில் ஏற்படும் காற்றதிர்வு பற்றி ஆராய்ந்து எழுதினார். பின்னர் இங்கிலாந்தின் றேலி பிரபு, நோயிலிருந்து தேறுவதற்காக 1872இல் நைல் நதியிற் படகிற் பயணஞ் செய்த காலத்திலே தொடங்கிய ‘ஒலிக் கொள்கை’ என்னும் பெருநூலை 1877, 1878ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். குழாய் தன் உண்மையான நீளத்தைவிட, ஆரையின் ஏறத்தாழ ஆறு பத்திலொரு பங்கு அளவு கூடுதலாக நீண்டிருப்பதுபோல நடந்துகொள்கின்றது என்று அவர் மதிப்பிட்டார். இந்தச் சிறு எண்ணைத் துல்லியமாகப் பெறுவதற்கு 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த லெவினும் ஷ்விங்கரும், வீனர், ஹொப் என்னும் இருவர் 1931இல் வகுத்த கணித முறையைக் கையாண்டு, அவ்வெண் 0.6133 எனக் கண்டனர்.

றேலி பிரபுவின் ஆராய்ச்சிகள் இன்னொரு பேருண்மையையும் வெளிப்படுத்தின. குழாயின் விட்டத்தோடு ஒப்பிடுகையில் அலைநீளம் பெரிதாக இருந்தால், அலை ஒரே ஒரு வகையில்தான் செல்ல முடியும்: குழாயின் குறுக்கே எல்லா இடத்திலும் ஒரே அமுக்கத்தோடு, நேராக முன்னோக்கி. வட்டக் குழாய்க்கு இந்த எல்லை விட்டத்தின் ஏறத்தாழ 1.7 மடங்கு அலைநீளமாகும். அலைநீளம் அதனிலுங் குறைந்தால் சுவருக்குச் சுவர் மோதி வளைந்து செல்லும் சிக்கலான அலைகளும் பிறக்கின்றன. 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயிலே, நம் நாட்டு வெப்பநிலையில், செக்கனுக்கு ஏறக்குறைய 4,000 அதிர்வு வரையும் இந்த எளிமை நிலவும். இயந்திர ஒலியின் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. ஆதலால் புகைக் குழாயின் கணக்கு கற்றோர் மட்டுமே தீர்க்கக்கூடிய புதிர் அன்று. பாடசாலை மாணவனும் பின்தொடரக்கூடிய கணக்கே.

இனி, அடக்கும் கலையைப் பார்ப்போம். நான்கு அடிப்பு இயந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது செக்கனுக்கு 25 தடவை புகையை உந்தி வெளியே தள்ளுகின்றது. ஒவ்வோர் உந்தலும் ஒரு சிறு வெடி. அந்த 25 அதிர்வும், அதன் மடங்குகளாகிய 50, 75, 100 முதலிய அதிர்வுகளும் சேர்ந்ததே நாம் கேட்கும் இரைச்சல். புகையை வெளியே விட்டாக வேண்டும். ஒலியை மட்டும் உள்ளே நிறுத்த வேண்டும். வாசலை அடைத்தால் இயந்திரம் மூச்சுத் திணறி நின்றுவிடும். வாசலைத் திறந்து வைத்துக்கொண்டே ஒலியை எவ்வாறு மறிப்பது என்பதுதான் கேள்வி.

இதற்கு முதலாவது வழி, ஒலியைத் திருப்பி அனுப்புவது. ஒடுங்கிய குழாய் திடீரென்று அகன்ற அறையாக விரிந்தால், அலையின் ஒரு பகுதி அவ்விடத்திலேயே திரும்பிவிடும். அறையின் மறுமுனையில் மீண்டும் ஒடுங்கும்போது இன்னொரு பகுதி திரும்பும். அறையின் நீளம் அலைநீளத்தின் காற்பங்காக அமையுமானால் இத்திருப்பங்கள் ஒத்துழைத்து, ஒலியைப் பெரும்பாலும் இயந்திரத்தின் பக்கத்துக்கே அனுப்பிவிடுகின்றன. குழாயைவிட நான்கு மடங்கு விட்டமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்குப் பரப்பு 16 மடங்காகும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒலிச் சத்தியில் ஏறத்தாழ 64இல் ஒரு பங்கே அப்பாற் செல்கின்றது. அதாவது 18 டெசிபெல் குறைகின்றது.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கின்றது. அறையின் நீளம் அலைநீளத்தின் அரைப்பங்காக அமைந்துவிட்டால், திருப்பங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அறையே இல்லாததுபோல ஒலி முழுவதும் வெளியேறுகின்றது. 300 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள புகையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 480 மீற்றர் வேகத்திற் செல்லும். 30 சென்ரிமீற்றர் நீளமான அறை அப்போது 400 அதிர்வுள்ள ஒலியை நன்கு மறிக்கும். 800 அதிர்வுள்ள ஒலிக்குக் கதவை அகலத் திறந்துவிடும். குளிர்ந்த காற்றிலே, ஒலி 350 மீற்றர் வேகத்திற் செல்லும்போது, இவ்வெண்கள் ஏறக்குறைய 290 என்றும் 580 என்றும் மாறிவிடும். தகரத்தால் ஒரு பெட்டி செய்து பொருத்தினாற் போதும் என்று எண்ணுகிறவர் சில வேளைகளில் ஏமாற்றம் அடைவது இதனாலேயே. நீளம் வேறுபட்ட இரண்டு அறைகளை அடுத்தடுத்து அமைத்தால், ஒன்று விட்டதை மற்றது பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது வழி, பக்கக் கிளை. ஒலியை இரண்டு பாதைகளிற் பிரித்து, ஒரு பாதையை மற்றதைவிட அரை அலைநீளம் கூட்டி, மீண்டும் சேர்த்தால் ஒன்றையொன்று அழிக்கும் என்று 1833இல் ஜோன் ஹேர்ஷல் கூறினார். 1866இல் குவிங்க்கே அதனைக் குழாயில் அமைத்துக் காட்டினார். வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஓர் ஒலி எழுகின்றதல்லவா? அத்தகைய வெற்றறை ஒன்றைச் சிறு கழுத்தோடு குழாயின் பக்கத்திற் பொருத்தினால், அது எந்த ஒலியைப் பாடுமோ அந்த ஒலியையே குழாயிலிருந்து பறித்துக்கொள்ளும். பாடவல்ல பாத்திரமே அடக்கவல்ல பாத்திரமாகவும் ஆகின்றது.

மூன்றாவது வழி, உறிஞ்சுதல். துளைகள் நிறைந்த நாரையோ பஞ்சையோ சுவரிற் பொதிந்தால், அலை அதனுள் உராய்ந்து வெப்பமாகக் கரைகின்றது. உயர்ந்த சுருதிகளுக்கு இவ்வழி பயன்படும். இயந்திரத்தின் தாழ்ந்த முழக்கத்துக்கு இது மட்டும் போதாது. பெரிய கட்டடங்களில் காற்றைக் கொண்டுசெல்லும் அகன்ற வழிகளுக்கு எத்தகைய பொதியல் மிகச் சிறந்தது என்பதை 1953இல் ஜேர்மனியின் கிறேமர் கணித முறையால் வகுத்தார்.

இவ்வழிகள் பட்டறைக்கு வந்த கதையும் சுவையானது. அமெரிக்கரான ஹைரம் பேர்சி மாக்சிம் 1909இல் துப்பாக்கிக்கு ஒலியடக்கி செய்து உரிமை பெற்றார். பின்னர் அவருடைய முயற்சி இயந்திரங்களின் பக்கமுந் திரும்பிற்று. 1922இல் ஸ்ரூவட் என்னும் பேராசிரியர், மின்சுற்றில் மின்னலைகளை வடிகட்டுவதுபோல, குழாயில் ஒலியலைகளை வடிகட்டும் அமைப்புக்களுக்குக் கொள்கை வகுத்தார். 1936இல் ஜேர்மனியின் போல் லூயக் அமெரிக்காவில் பெற்ற உரிமை வியப்புக்குரியது. குழாயில் வரும் ஒலியை ஒலிவாங்கியாற் பிடித்து, அதற்கு நேர்மாறான ஒலியை ஒலிபெருக்கியால் எழுப்பி, இரண்டையும் அழியச் செய்வது அவருடைய எண்ணம். அதனைச் செவ்வனே நடத்தவல்ல விரைவான மின்கருவிகள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தன. 1954இல் அமெரிக்க விமான ஆராய்ச்சி நிறுவனம் பலவகை ஒலியடக்கிகளைச் செய்து, கணக்கையும் அளவையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டு, விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டது. 1962இல் டைலர், சொஃப்ரின் என்னும் இருவர், விமான இயந்திரத்தின் விசிறி அலகுகளின் எண்ணிக்கையைத் தக்கவாறு தெரிந்துகொண்டால், விசிறி எழுப்பும் ஒலியின் ஒரு பகுதி குழாயினுள் முன்னேற முடியாமல் அங்கேயே மங்கிவிடும் என்று காட்டினர். றேலி பிரபு கண்ட எல்லை விதி இவ்வாறு ஆகாய விமானத்திலும் வேலை செய்கின்றது.

இந்த வரலாற்றில் அண்டை நாட்டின் பங்கும் உண்டு. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் எம். எல். முஞ்சால் என்னும் பேராசிரியர் 1970கள் முதல் இத்துறையிற் பெரும் பணி ஆற்றினார். 1987இல் வெளிவந்த அவருடைய நூல், குழாய்களும் ஒலியடக்கிகளும் பற்றி உலகெங்கும் பயிலப்படுவது. அதிற் கையாளப்பட்ட முறையை எளிதாகச் சொல்லலாம். குழாயின் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு அளவுகளை அறிந்தாற் போதும்: ஒன்று அமுக்கம், மற்றது காற்றின் ஓட்டம். குழாயின் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு எண்கள் உண்டு. அவை அத்துண்டின் ஒரு முனையிலுள்ள இரண்டு அளவுகளை மறுமுனையிலுள்ள இரண்டோடும் தொடர்புபடுத்துகின்றன. நேற்றைய மீதி இன்றைய முதலாவதுபோல, ஒரு துண்டின் முடிவு அடுத்த துண்டின் தொடக்கம். எத்தனை அறைகள், எத்தனை கிளைகள் இருந்தாலும் இந்த நான்கு நான்கு எண்களை வரிசையாகப் பெருக்கிக்கொண்டு போனால் இறுதி விடை வந்துவிடும். தகரத்தை வெட்டுவதற்கு முன்பே, ஒலி எவ்வளவு குறையும் என்று கடதாசியில் அறியலாம்.

இத்தகைய கணிதம் யாழ்ப்பாணத்துக்கு அந்நியமானதா? வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரியில் கணிதமும் வானியலும் உயர்ந்த நிலையிற் கற்பிக்கப்பட்டன. அங்கே பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் ‘வீசகணிதம்’ என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் என்னும் பெருமையைப் பெற்றனர். உரும்பிராயைச் சேர்ந்த சி. சுந்தரலிங்கம் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக விளங்கினார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் மாணவரான சி. ஜே. எலியேசர், கேம்பிரிட்ஜில் டிராக் என்னும் மேதையிடம் ஆராய்ச்சி பயின்று, பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக இருந்தார். அலைச் சமன்பாட்டை அறிந்தவர்கள் இம்மண்ணிற் குறைந்திருந்த காலம் இல்லை.

ஆனாலும், அறிந்தவரின் மேசைக்கும் பட்டறையின் மேசைக்கும் இடையே பாலம் அமையவில்லை. இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்தபோது அதனோடு சைலன்சரும் வந்தது. அதனுள்ளே ஏன் இத்தனை அறைகள், ஏன் இத்தனை துளைகள் என்னும் விளக்கம் கூடவே வரவில்லை. துருப்பிடித்து ஓட்டையானபின், அதனைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங் குழாயோடு ஓட்டுவதும், கிடைத்த தகரத்தை ஒட்டிச் சமாளிப்பதும் எங்குங் காணப்படும் வழக்கமாயின. 1990இல் போர் மீண்டும் மூண்டு, மின்சாரம் அற்றுப்போய், எரிபொருளும் அருகியபோது, இயந்திரம் ஓடுவதே பெரும் பேறு என்னும் நிலை ஏற்பட்டது. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அத்தகைய காலத்தில் இரைச்சலைப் பற்றி யார் முறையிட முடியும்? இன்று பல தோட்டங்களில் மின்மோட்டர் நீரிறைக்கின்றது. எனினும் லாண்ட்மாஸ்டரும் மின்பிறப்பாக்கியும் ஓட்டோவும் நம்மோடு இருக்கின்றன. கதை முடிந்துவிடவில்லை.

இதனால் இழக்கப்படுவது வெறும் நிம்மதி மட்டுமன்று. உட்காதிலே சுருண்டிருக்கும் நத்தை வடிவான உறுப்பினுள் மயிர் போன்ற நுண்கலங்கள் உள்ளன. பேரொலியால் அவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் வேலை செய்தல் கேடு என்று தொழிற்சுகாதார வல்லுநர் கூறுவர். ஒலி மூன்று டெசிபெல் கூடுந்தோறும் அந்த நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இயந்திரத்தருகே நின்று ஆண்டுக்கணக்கில் இறைத்தவர் முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளை. குழந்தையின் மழலையும் பறவையின் குரலும் மெல்ல மெல்ல மங்குகின்றன. 1996இல் இலங்கை அரசு இரைச்சற் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளை இயற்றியது. விதி வேண்டியதே. ஆனால், பட்டறையில் வேலை செய்பவருக்கு வழி தெரியாதபோது விதி மட்டும் என்ன செய்யும்?

வழி வெகு தொலைவில் இல்லை. குடாநாட்டின் பாடசாலைகளில் உயர்தர வகுப்பில் பௌதிகம் பயிலும் மாணவர் யாவரும் பரிவுக் குழாய்ப் பரிசோதனையைச் செய்கின்றனர். நீரில் அமிழ்த்திய குழாயை உயர்த்தியும் தாழ்த்தியும், இசைக்கவையின் ஒலி எங்கே ஓங்குகின்றது என்று காதாற் கேட்டு அளக்கின்றனர். முனைத் திருத்தத்தைக் கணித்து, அது ஆரையின் 0.6 பங்குக்கு அண்மையில் வருகின்றதா என்று பார்க்கின்றனர். றேலி பிரபு மதிப்பிட்டதும், லெவினும் ஷ்விங்கரும் துல்லியமாகக் கண்டதும் அந்த எண்ணையே. பரீட்சை முடிந்ததும் குறிப்பேட்டோடு அது மூடப்பட்டுவிடுகின்றது. அதே மாணவர் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு, தம் ஊர்ப் பட்டறையில் கிடக்கும் பழைய சைலன்சர் ஒன்றைத் திறந்து, அதன் அறைகளின் நீளத்தையும் விட்டத்தையும் அளந்து, எந்த ஒலியை அது மறிக்கின்றது, எதனை விட்டுவிடுகின்றது என்று கணக்கிட்டுச் சொல்வாராயின், பட்டறைக்காரர் அதனைக் கேட்க மறுக்கமாட்டார். தகரத்தை எங்கே வெட்டுவது என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்பதே அவருக்கு வேண்டியது. 1855இலேயே அட்சரகணிதத்தைத் தமிழில் எழுதிவைத்த ஊருக்கு அந்த நீளத்தைத் தமிழிற் சொல்லிக் கொடுப்பது இயலாத காரியம் அன்று.